விட்டுப்போன ஓர் எழுத்து

எதிர் வீட்டுப் பெண் காட்பாடியில் கல்லூரி படிக்கிறாள், கூடவே பிரெஞ்சும் கற்கிறாள். போன வாரம் வந்தவளிடம், காபித்தூள் தீர்ந்துவிட்டது, டீதான் இருக்கிறது என்றேன்.

"பரவால்ல ஆன்டி. ஃபோத் த மியோ" என்றாள். பிறகு விளக்கினாள்: இதைவிட நல்லது கிடைக்காததால் இருப்பதை ஏற்றுக்கொள்வது. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்கள் இப்படிப் பிரெஞ்சைக் கலந்து எழுதுவார்களாம். அர்த்தம் எனக்கும் தெரியும். அவளுக்கு டீயை வடிகட்டிக் கொடுத்தேன்.

பல வருஷங்களுக்கு முன், ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த புதிது. வெளிநாட்டுக் கடிதங்களை மேனேஜருக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. மிஷன் பள்ளியில் படித்தவள், இங்கிலீஷில் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு. தோல் வாடை மாடியில் இருந்த ஆபீஸ் வரைக்கும் ஏறி வரும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ரசத்திலும் அதுதான். இன்றைக்கும் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் எனக்கு ரசம் ஞாபகம் வரும்.

லண்டன் வியாபாரி ஒருவர் எழுதிய கடிதத்தில், பழுப்புத் தோலை எடுத்துக்கொள்கிறோம் என்ற வரியில் அவள் சொன்ன இதே சொற்கள் இருந்தன. முதல் சொல் எஃப், ஏ, யூ, டி என்று தொடங்கியது. நடுவில் எல் விட்டுப்போயிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பின்னால் வந்த இரண்டு சொற்கள் புரியவில்லை, விட்டுவிட்டேன்.

"இன்னாம்மா எழுதியிருக்கான்?" என்றார் மேனேஜர்.

"கலர்ல ஃபால்ட்டுன்னு எழுதியிருக்காங்க சார்."

மேனேஜர் உடனே சாயப் பிரிவு மேஸ்திரி கரீம் பாயைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பாய் வாதாடவில்லை. முழங்கைவரை பழுப்பேறிய கைகளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சரியாப் பாத்தியாம்மா?"

"ம்" என்றேன்.

மனசு கேட்காமல் சனிக்கிழமை நூலகம் போனேன். தடித்த அகராதியின் கடைசிப் பக்கங்களில் அயல்மொழித் தொடர்களின் பட்டியல் இருந்தது. அதில் அந்தச் சொற்களும் இருந்தன, குறை என்ற பொருளே அங்கே இல்லை. அகராதியை மூடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயம். நான்காம் நாள் சொன்னேன். அவர் திட்டவில்லை, அந்தக் கடிதத்தை எடுத்துவரச் சொல்லி அந்தச் சொல்மேல் விரலை வைத்துப் பார்த்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

"நீயே போய்க் கூட்டிக்கினு வா" என்றார் கடைசியில்.

போனேன். பாய் வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "தப்பு என்னுது பாய். அவங்க கேட்ட டார்க் கலர் நம்மகிட்ட இல்ல, அதனால இத எடுத்துக்கினாங்க. குறை ஒண்ணும் சொல்லல."

"அப்போ சாயம் நல்லாத்தான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார்.

ஆனால் அதன்பின் தபால் வரும் நாட்களில் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். அதற்கு முன் கூப்பிட்டாலொழிய மாடி ஏறியே அறியாதவர்.

"நம்ம பேரு எதுனா வந்திருக்காம்மா?"

இரண்டு முறை படித்துவிட்டுத்தான் "இல்ல பாய்" என்பேன். நான் வேலையை விடும்வரை அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

கரீம் பாய் இப்போது இல்லை. அப்படிக் கடிதம் எழுதுகிறவர்களும் இல்லை. ஆர்டரெல்லாம் செல்போனில் ஒற்றை 'ஓகே'யில் முடிகிறது. கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். போன மாதம் ஒரு வரவேற்புக்குப் போனபோது, பழைய மாடிப்படி எந்தப் பக்கம் இருந்தது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.