அரிசி டிரம்மில் ஜரிகை

எங்கள் தறிகளில் பாதிச் சேலையிலேயே ஜரிகை தீர்ந்துபோவது வழக்கம். நெய்பவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆர்டர் சொல்ல மறந்த நான், போனில் ஜரிகைக் கடைக்காரரிடம் கத்திக்கொண்டிருப்பேன்.

அவர்தான் ஒரு நாள் சொன்னார்: "ஜரிகை அலமாரிய எங்கிட்ட வுட்டுடுங்க. வாராவாரம் திங்கக்கிழமை நானே வந்து பார்த்து, குறைஞ்சத வெச்சிட்டுப் போறேன். நீங்க போனே பண்ண வேணாம்."

அதன்பின் தறி ஒரு நாளும் நிற்கவில்லை. எனக்குத்தான் கத்த ஆளில்லாமல் பேஜாராக இருந்தது. ஒரு வாரம் அவர் வராவிட்டால்? பயந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டு ஜரிகைப் பெட்டிகளை எடுத்து அரிசி டிரம்மில் புதைத்தேன். திங்கட்கிழமை வந்தவர், எங்களுக்கு வேலை கூடிவிட்டது என்று எண்ணி அதிகமாக வைத்துப் போனார். அதிலும் இரண்டைப் புதைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மாதம், அதே கடைக்காரரிடம் வாங்கும் எதிர்வீட்டுக்காரர் வந்தார்.

"ரெண்டு நாளா தறி நிக்குதுங்க. முகூர்த்தச் சேலை, சனிக்கிழமை குடுக்கணும். கேட்டா, சரக்கெல்லாம் உங்களுக்கே போவுதுன்றாரு. ஒரு பெட்டி இருக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி உள்ளேயிருந்து, "எத்தினி வேணும், அண்ணா? அரிசி அள்ளக் கைய வுட்டா ஜரிகையாத்தான் வந்துகினு இருக்குது" என்றாள்.

சேலை சனிக்கிழமையே போய்ச் சேர்ந்தது. இப்போது கடைக்காரர் அலமாரியை எண்ணி முடித்ததும், "அண்ணி, டிரம்மு?" என்கிறார். அவள் மூடியைத் திறந்து காட்டுகிறாள். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.