மகளின் துவக்குக்கு ஒரு கண்ணாடி

என் மகள் வேட்டைப் பரீட்சையில் சித்தியடைந்தாள். எங்கள் சொந்தக்காரர் வட்டத்தில் டாக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்று சித்தியடைந்த பிள்ளைகள் நிறைய உண்டு. மான் சுடச் சித்தியடைந்தது எங்கள் வீட்டில்தான் முதல். கோயிலில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று மனைவி என்னிடம் சத்தியம் வாங்கினாள். நானும் சொல்லவில்லை. துவக்கு, துப்பாக்கி, எந்தப் பெயரில் சொன்னாலும் எனக்குப் பயம். அந்தப் பயத்தைச் சொல்லித்தான் இந்த நாட்டில் அகதி அந்தஸ்து வாங்கினேன். அவர்கள் அந்தஸ்தைத் தந்தார்கள். பயத்தை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

அவள் வாங்கியிருந்தது ஸ்கவுட் ரைபிள். கட்டையானது, பாரமில்லாதது, மலை ஏறும்போது தோளில் கிடப்பதே தெரியாதாம். அதன்மேல் பூட்ட, குறிபார்க்கும் கண்ணாடி ஒன்று தேவைப்பட்டது.

"அப்பா, நீங்களும் வாங்கோ. கண்ணாடி தெரியிறதிலை உங்களை விட்டா ஆர்?" என்றாள். என் மூக்குக்கண்ணாடிக்கு ஃபிரேம் தேர்ந்தெடுக்க நான் அரைநாள் எடுத்ததற்கான குத்தல் அது.

நான் போனதற்குக் காரணம் வேறு. சில வாரங்களாக ஒரே காட்சிதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது: மங்கிய வெளிச்சம், காடு, குனிந்து காளான் பொறுக்கும் ஒரு மனிதர், அவரை மான் என்று நினைக்கும் என் மகள். மானைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று சொன்னால் சைவக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

துவக்குக் கடை, நாங்கள் குடியிருக்கும் பூம்ப்ளிஸ் பகுதியில், எங்கள் டிராம் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே இருந்தது. இத்தனை வருடமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் டிராம் ஏறியிருக்கிறேன். உள்ளே கால் வைத்ததும் என் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குள் போய், அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தது. கடைக்காரர், வெள்ளைத் தாடி வைத்த பெரிய மனிதர், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடி வாங்க அட்டை தேவையில்லை என்று மரியாதையாகச் சொன்னார்.

"அப்பா, இது ஆமிச் சென்றி இல்லை, கடை," என்றாள் மகள் தணிந்த குரலில்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. கைக்குத்தான் தெரியேல்லை."

கடைக்காரர் மகளின் துவக்கை மேசையில் வைத்து, பக்கத்தில் இரண்டு கண்ணாடிகளை எடுத்து வைத்தார். ஒன்று சின்னக் குழாய். அதைக் கண்ணிலிருந்து தள்ளி, குழலின் பக்கமாக முன்னுக்குப் பூட்டுவார்கள். இரண்டு கண்ணையும் திறந்தபடி பார்க்கலாம். ஸ்கவுட் ரைபிளுக்கென்றே செய்தது. மற்றது வாய் அகன்ற, தடித்த சாமான். மகளுக்குச் சின்னதில்தான் ஆசை.

"இந்த மெல்லிசுத் துவக்கிலை அந்தத் தடியனைப் பூட்டினா, அம்மாவின்ரை தாலிக்கொடியைக் குழந்தைப் பிள்ளைக்குப் போட்ட மாதிரி இருக்கும்," என்றாள்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "இருட்டுப்படேக்கை இதாலை பாத்தா, மானோ மனுசனோ எண்டு தெரியுமோ?"

"ஆர் எண்டு பாக்கிறது பைனாகுலராலை அப்பா. துவக்குக் கண்ணாடியாலை மனுசரைப் பாக்கவே கூடாது. முதல் பாடமே அதுதான்."

எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடியில், அந்தச் சென்றியில், காவல் நின்ற சிப்பாய்க்கு யாரும் அந்தப் பாடம் நடத்தவில்லை. சைக்கிளை விட்டிறங்கி நாங்கள் உருட்டிக்கொண்டு வருவதை, மண்மூட்டைக்குப் பின்னால் இருந்து அவன் துவக்கின் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்தான். அவன் பார்த்தாலே குறி வைத்த மாதிரித்தான். நான் நடுங்கியது அதில் அவனுக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எண்டாலும், தற்செயலாப் பாத்தா? தெரியுமோ?" விடாமல் கேட்டேன்.

மகள் அதைக் கடைக்காரருக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். நல்ல கேள்வி என்றார் அவர். வெளியே பொழுது படுகிறது, துவக்கை இங்கேயே விட்டுவிட்டுக் குழாய்களை மட்டும் கையில் பிடித்துப் பார்க்கலாம், எதிரே மரத்தடியில் யாராவது நின்றால் போதும் என்றார். பிறகு இருவரும், மானைப் போல மண்ணிறமான என் ஜாக்கெட்டைப் பார்த்தார்கள்.

தெருவைக் கடந்தேன். வெறும் குழாய், வெறும் குழாய் என்று மந்திரம்போலச் சொல்லிக்கொண்டேன். மரத்தடியில் திரும்பி நின்றபோது கடை ஜன்னலில் வட்டமாக ஒன்று மினுங்கியது. தரிப்பிடத்தில் நின்ற ஒரு பெண், தன் குழந்தை வண்டியை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி நகர்த்தினாள்.

காதில் வைத்திருந்த தொலைபேசியில் மகள் கதைத்தாள். "முதல்ல சின்னது. மரத்தடியிலதானே நிக்கிறியள்?"

"ஓம்."

"கடை வெளிச்சம் பின்பக்கம் விழுந்து கண்ணாடி மினுங்குது. கறுப்பா ஏதோ ஒண்டு தெரியுது."

"ஏதோ ஒண்டோ?"

"தபால் பெட்டி எண்டாலும் நம்பலாம்."

"நான் என்ன செய்யிறன் எண்டு தெரியுதோ?"

"இல்லை. என்ன செய்யிறியள்?"

என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "மற்றதாலை பார்," என்றேன். அவள் மற்றதை எடுத்திருக்க வேண்டும். டிராம் ஒன்று வந்து, நின்று, அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"அப்பா." குரல் மாறியிருந்தது. "ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறியள்?"

அப்போதுதான் பார்த்தேன். ஒரு கை தொலைபேசியோடு காதில். மற்றது தலைக்கு மேலே, விரல்களை விரித்தபடி.

"விரல் நடுங்குது," என்றாள். "கீழ விடுங்கோ. போதும்."

அது கீழே வரமாட்டேன் என்றது. ஜன்னலில் மினுங்கியது மறைந்தது. மகள் கையில் ஒன்றுமில்லாமல் கடையை விட்டு வெளியே வந்தாள். டிராம் தண்டவாளத்தைத் தாண்டி வந்து, என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"தடியனையே பூட்டுவம்," என்றாள். "பாரம்தான். பழகீடும்."

காளான் பொறுக்குகிறவர்களைப் பற்றிய பயம் எனக்கு அன்றோடு பாதி குறைந்தது. மற்றப் பாதிக்காக, அவள் காட்டுக்குப் போகும் மாலைகளில் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.