ஏஜிபியா, எக்ஸ்பிரஸ்ஸா?

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், முதலில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து மதர்போர்டில் என்ன ஸ்லாட் இருக்கிறது என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள் என்பேன். பிறர் சொல்லை நம்ப வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்வேன். ஒரு காலத்தில் அந்தப் பிறர் நான்தான்.

அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தேன். மலைக்கோட்டைக்குக் கீழே, அத்தாவின், அதாவது அப்பாவின், ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. அக்கா கட்டடக்கலை கடைசி வருடம். கம்ப்யூட்டரில் அவள் வரைந்த கட்டடத்தைக் கொஞ்சம் திருப்பினாலே திரை அப்படியே நின்றுவிடும். வரைபடங்களை ஒப்படைக்க இரண்டு வாரம்தான் இருந்தது. அக்கா சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அழுததை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

ஷார்ஜாவில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, அந்த வாரம் லீவில் வருவதாக இருந்தார். கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும், நானே வாங்கி வருகிறேன் என்று போன் செய்தவர், அக்கா கல்லூரிக்குப் போயிருந்ததால் என்னிடம் சொன்னார்.

"பெட்டிய திறந்து பாரும்மா. ஸ்லாட் ஏஜிபியா, பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸான்னு போர்டுலயே எழுதியிருக்கும். ஒண்ணோட கார்டு இன்னொண்ணுல உக்காராது. நாளைக்குக் கூப்பிடுறேன்."

பள்ளியில் கம்ப்யூட்டர் வினாடி வினாவில் பரிசு வாங்கியதிலிருந்து வீட்டில் எனக்கு ஏகப்பட்ட மதிப்பு. ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்தேன். பெட்டியின் ஓரத்தில், இதைக் கிழித்தால் வாரண்டி கிடையாது என்று ஒரு ஸ்டிக்கர். கிழிக்கக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்ல வாயும் வரவில்லை. மறுநாள், "பாத்துட்டேன் மாமா, எக்ஸ்பிரஸ்தான்" என்றேன். பெயரே வேகமாக இருந்தது.

மாமா வந்த மறுநாள் எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றோம். அத்தாகூடக் கடையை விட்டு மேலே வந்திருந்தார். மாமா பெட்டியைத் திருப்பினார். ஸ்டிக்கரில் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நகத்தால் அதை உரித்து, உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே வெள்ளை ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில், சற்று உள்ளே தள்ளிப் பழுப்பு நிறத்தில் ஒன்று. அருகில் பொடி எழுத்தில் ஏஜிபி. புதுக் கார்டு எப்படி வைத்தாலும் உட்காரவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீதானே பாத்துச் சொன்ன?"

"அவ சரியாத்தான் சொன்னா. நான்தான் கடையில மாத்திக் கேட்டுட்டேன்" என்றார் மாமா.

"இவ்வளவு தூரம் போயி என்ன மச்சான் பிரயோஜனம்?" என்று அத்தா சலித்துக்கொண்டார். மாமா தலையைச் சொறிந்தபடி சிரித்தார்.

சனியும் ஞாயிறும் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஏஜிபி கார்டு தேடி அலைந்தார். அதற்குள் அது பழசாகிவிட்டிருந்தது. "அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க" என்றார்கள் கடைக்குக் கடை. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போகும்போது, காவிரிப் பாலத்தின் நடுவில், அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"மாமா, நான் பெட்டியத் தெறக்கவே இல்ல."

"தெரியும்மா. கெட்டியாப் புடிச்சுக்க, காத்து அடிக்குது."

ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர், கழற்றிப் போட்ட பெட்டிகளுக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு ஏஜிபி கார்டை எடுத்தார். பதிலுக்கு மாமா நீட்டிய புதுக் கார்டைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"இதக் குடுத்துட்டு அதையா கேக்குறீங்க? நல்லா யோசிச்சுக்கங்க சார்."

அன்று மாலையே அக்காவின் கட்டடம் நிற்காமல் சுழன்றது. அவள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். வரைபடங்களும் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தன.

என் பொய்யை அவர் மூடி மறைத்தது எனக்கு அன்றே புரிந்தது. புரியாதது வேறு. அவருக்குக் கிடைத்த லீவு பதினைந்தே நாள். மாமி கே.கே. நகரில் தன் அம்மா வீட்டில் இருந்தார். பிறந்து ஏழு மாதமான மகளை முதன்முதலாகப் பார்க்கத்தான் மாமா வந்திருந்தார். அந்தப் பதினைந்தில் இரண்டு நாளை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கோ அது பைக் சவாரியும் ரோஸ் மில்க்கும்தான். அன்று இரவு அவர் கே.கே. நகருக்குக் கிளம்பும்போது வாசல்வரை ஓடிப்போய்க் கேட்டேன்:

"நாளைக்கும் எங்கயாவது போலாமா மாமா?"