தழை விடாமல் இறங்கிய கிணறு

போன சித்திரையில, ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகல்ல, விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல ஒரு கிணத்துக்குள்ள நான் செத்துக்கினு இருந்தேன். சகோதர சகோதரிகளே, கூட்டிச் சொல்லல.

என்னைப் பத்திச் சொல்லிடறேன். நாலாவது தாண்டல. ஆனா விழுப்புரத்துல இருந்து திண்டிவனம் வரைக்கும் மோட்டார் மேஸ்திரின்னா என்னைத்தான் கேப்பாங்க. படிச்ச இன்ஜினியரு கைவிட்ட மோட்டாரை ஓட வச்சிருக்கேன். வீடு, பட்டறை எல்லாம் இந்தக் கையால வந்தது. சபையில ஜெபம் பண்ண எழுந்தாலும் "ஆண்டவரே, நான்"னுதான் ஆரம்பிப்பேன். உழைச்சவன் மேல இருக்கான், மத்தவன் கீழ கெடக்கான், கடவுள் உழைச்சவன் பக்கம். உலகம் அவ்வளவுதான்னு நெனச்சிருந்தேன்.

அன்னைக்கு அஞ்சலைம்மா வீட்டுக் கிணறு. சொந்த நெலத்துல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டிருந்தாங்க. கிணத்தடியில பைப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. டீசல் இன்ஜினை உள்படிக்கட்டுல எறக்கி, ஒரு மணி நேரம் ஓட்டித் தண்ணிய எறைச்சேன். இன்ஜினை நிறுத்தின கையோட, உள்ள நின்ன பொகை கலையறதுக்கு முன்னாடியே எறங்கப் போனேன்.

எங்க பக்கம் வேப்பந்தழையக் கயித்துல கட்டி, கிணத்துக்குள்ள மேலயும் கீழயும் ஆட்டி, கெட்ட காத்தைக் கலைச்சிட்டுத்தான் ஆள் எறங்கணும்.

"தழை உட்டுட்டு எறங்குங்க மேஸ்திரி"ன்னாங்க அஞ்சலைம்மா.

"அதெல்லாம் பயந்தவன் பண்றதும்மா. என்கூட இயேசு இருக்காரு."

"இருக்கட்டுங்க. எறங்கறது நீங்கதான? எங்க மாட்டுக் கயித்தையாவது இடுப்புல கட்டிக்கினு போங்க."

சிரிச்சுக்கினே கட்டினேன். அந்தம்மா வாயை அடைக்கத்தான்.

அடியில போய் பைப்பைத் தொட்டேன். அப்புறம் பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருந்துது. வலி இல்ல, பயமும் இல்ல. மேல வானம் ஒரு தாம்பாளம் அளவுக்கு, நீலமா, மெதுவா சுத்திக்கினு இருந்துது. செவுத்துப் பொந்துல இருந்து ஒரு புறா பறந்துது. அது போன பிறகும் றெக்கைச் சத்தம் போகவே இல்ல. என் கையைப் பார்த்தேன். வேற யாரோ கை மாதிரி தெரிஞ்சுது. வெரலை அசைன்னேன், அசையல.

"ஆண்டவரே, நான்" வரைக்கும் வந்துது. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. "ஏசப்பா, தூக்கு"ன்னேன். சொன்னேனா, நெனச்சேனா, தெரியாது. நீலம் பெருசாகிக்கினே வந்துது.

மேல இருந்து கூப்பிட்டிருக்காங்க, நான் பதில் குடுக்கல. அஞ்சலைம்மா, அவங்க வீட்டுக்காரரு, மல்லாட்டை புடுங்க வந்த பொம்பளைங்க, எல்லாரும் சேர்ந்து கயித்தை இழுத்திருக்காங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சேன்.

மறுநாள் அஞ்சலைம்மா பார்க்க வந்தாங்க. "முழிச்சுக்கினீங்களா? ஜல்தியா எங்க கயித்தைக் குடுங்க. மாடு ஊரெல்லாம் மேயுது."

சிரிப்பு வந்துது, பின்னாலயே அழுகை. நான் கூப்பிட்டது கிணத்தடியில. பதிலை ஆண்டவரு அதுக்கு முன்னாடியே என் இடுப்புல கட்டி அனுப்பிட்டாரு. அதுவும் நான் எளக்காரம் பண்ண, வேற சாமி கும்பிடற ஒருத்தங்க கையால. நான்தான் எல்லாத்தையும் தாங்கறேன்னு நெனச்சு இத்தனை வருஷம் உலகத்தைத் தலைகீழா பார்த்திருக்கேன்.

இப்பவும் வேலையில என்னை மிஞ்ச ஆளில்ல. மறைச்சா பொய்யாயிடும். ஆனா காலையில எழுந்ததும் இன்னைக்கு நான் யார் யார் கையில இருக்கேன்னு ஒவ்வொரு பேரா சொல்லி அவருக்கு நன்றி சொல்றேன். முடிக்கிறதுக்குள்ள வெயில் ஏறிடுது.

நீங்களும் அப்படி ஒரு நாள் சொல்லிப் பாருங்க. எந்தப் பேரைச் சொல்ல நாக்கு வரலையோ, அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க. அவரு அங்க உங்களுக்காகக் காத்துக்கினு இருப்பாரு.