அக்காவின் பெயரில் வந்த இரண்டு பக்கங்கள்

அந்த மனு எங்கள் பிரிண்டரில் அடித்ததுதான் என்று மேனேஜர் கண்டுகொண்டதற்குக் காரணம் ஒரு கோடு. பிரிண்டரின் உருளையில் எப்போதோ ஒரு கீறல் விழுந்திருந்தது. எந்தத் தாளை அடித்தாலும் வலது விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு சாம்பல் கோடு வரும். உருளையை மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த மூன்று தாள்களிலும் கோடு இருந்தது.

மண்டபம் போகும் சாலையில், இறாலும் நண்டும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை. ஆபீஸில் ஏழு கம்ப்யூட்டர்கள், நடைபாதையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரிண்டர், என் கண்ணாடி அறைக்குள் ஒரு சர்வர். இவை மூன்றும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான் என் வேலை. ஆபீஸுக்குப் பின்னால் ஷெட். அங்கே எண்பது பெண்கள் நின்றபடி இறால் உரிப்பார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். திங்கட்கிழமை மனு நாளில் யாரோ கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனு. கையெழுத்து இல்லை. விளக்கம் கேட்டு அங்கிருந்து கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்கள். இறால் கழுவ டேங்கரில் நல்ல தண்ணீர் வருகிறது, உரிக்கிற பெண்களுக்குக் குடிக்கப் போர்வெல் உப்புத் தண்ணீர்தான், கேட்டால் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியது எதுவும் பொய் இல்லை. நாங்கள் ஆபீஸில் நீலக் கேன் தண்ணீர் குடித்தோம்.

“இந்தக் கோட்டப் பாத்தியாம்மா?” என்றார் மேனேஜர்.

“நம்ம பிரிண்டர்தான் சார்.”

“அது எனக்கே தெரியுது. யாரு அடிச்சதுன்னு ஒன் மிஷின் சொல்லுமா, சொல்லாதா?”

சொல்லும் என்றேன். தயங்கவில்லை. படித்த ஒன்றைக் காட்ட இடம் கிடைத்த சந்தோஷம்தான் அப்போது இருந்தது. அதை இப்போது எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிரிண்டருக்குப் போகும் ஒவ்வொரு வேலையும் சர்வர் வழியாகத்தான் போகும். சர்வர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைக்கும். நாள், நேரம், அனுப்பியவர், ஃபைலின் பெயர், எத்தனை பக்கம். மனுவில் தேதி இருந்தது. அந்த நாளின் வரிகளை எடுத்தேன். பில்களும் எடைச் சீட்டுகளும் போக, வேர்டில் அடித்த இரண்டு பக்கக் கடிதம் அன்று ஒன்றே ஒன்றுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடித்திருந்தார்கள். ஃபைலின் பெயர், டெஸ்பாட்ச் அக்காவின் பெயரும் அதோடு ஒட்டி லீவ் என்ற சொல்லும்.

டெஸ்பாட்ச் அக்கா என்று நாங்கள் கூப்பிட்டது, லாரிகளுக்குச் சீட்டு எழுதும் அக்காவை. ஏர்வாடிப் பக்கத்துக்காரர். கணவர் மவுத்தாகி நாலு வருடம். இரண்டு பெண் பிள்ளைகளும் அவருடைய உம்மாவும் அந்த ஒரு வேலையை நம்பி இருந்தார்கள். நான் சேர்ந்த புதிதில் கம்பெனி வேனில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் போட்டு வைத்தவர்.

அந்த வரியை மஞ்சள் அடித்து மேனேஜரிடம் கொடுத்தேன். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“லீவ் லெட்டராம். ரெண்டு பக்கத்துக்கு எவம்மா லீவ் லெட்டர் எழுதுறது?” என்றார். அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. ஆனால் தாளை அவரிடமே விட்டுவிட்டு என் அறைக்குத் திரும்பினேன்.

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தபோது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்தார்.

“நாளைலருந்து வர வேணாமாம். மேல எடத்துல பேசிட்டுச் சொல்றாங்களாம்,” என்றார். பிறகு, “லிஸ்ட்டுல எம்பேரு இருக்காமே தங்கச்சி?”

“இருக்குக்கா.”

“நீதான் எடுத்துக் குடுத்தியா?”

“ஆமாக்கா.”

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மனு தன்னுடையது இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அன்று வேனில் என் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் காலையில், பிரிண்டருக்கு மை வேண்டும் என்று நானே ஒரு கடிதம் அடிக்க வேண்டியிருந்தது. தமிழில் என்ன அடிப்பதானாலும் எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பக்கம் திறந்தால் தமிழ் எழுத்து வராது. குப்பை மாதிரி ஆங்கில எழுத்தாகக் கொட்டும். அதனால் எல்லோரும் பொது ஃபோல்டரில் இருந்த ஒரு பழைய ஃபைலைத் திறப்பார்கள். அதில் எழுத்துரு, ஓரம், வரி இடைவெளி எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத் தங்களுடையதை அடிப்பார்கள், பிரிண்ட் கொடுப்பார்கள், சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். அவ்வளவுதான். பழைய ஃபைல் பழையபடியே இருக்கும். யாரும் அதன் பெயரைப் பார்ப்பதில்லை. கீபோர்டு மாதிரி அதுவும் ஒரு சாமான்.

நானும் அதையே திறந்தேன், அழித்தேன், அடித்தேன், பிரிண்ட் கொடுத்தேன். திரையின் மூலையில் பிரிண்டரின் சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. அதில் ஓடிக்கொண்டிருந்தது அக்காவின் பெயர்.

பிறகு என் நோட்டை எடுத்தேன். குழம்பினால் எண் போட்டு எழுதுவது என் பழக்கம். அன்று எழுதியது இவ்வளவு:

1. அந்த ஃபைல் ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழாவுக்கு லீவு கேட்டு அக்கா எழுதியது. தமிழ் வராமல் அவர் திணறியபோது எழுத்துருவைச் சரிசெய்து கொடுத்தது நான்.

2. அதற்கு அவர் பெயரை வைத்துப் பொது ஃபோல்டரில் போட்டதும் நான்.

3. யாரும் கெடுத்துவிடக் கூடாது என்று அதன்மேல் சேமிக்க முடியாதபடி பூட்டியதும் நான்.

4. அனுப்பியவர் என்ற இடத்தில் எல்லா வரியிலும் ‘ஆபீஸ்’ என்றே இருக்கிறது. ஏழு கம்ப்யூட்டருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். அப்படி வைத்ததும் நான். எனக்கு வேலை குறையும் என்பதற்காக.

நாலுக்கு மேல் எழுத முடியவில்லை.

சர்வரில் பின்னோக்கிப் போனேன். மாதக்கணக்கில் அக்காவின் பெயர்தான். வண்டிக்கு டீசல் கேட்ட கடிதம், ஐஸ் கம்பெனிக்குப் புகார், ஷெட்டில் ஒட்டிய ‘தொப்பி அணியவும்’ எல்லாம் அந்தப் பெயரிலேயே போயிருந்தன. அக்கா சந்தனக்கூடுக்குப் போயிருந்த மூன்று நாட்களிலும் அவர் பெயரில் பிரிண்ட் வந்திருந்தது. இதை வைத்துத்தான் மேனேஜரிடம் போனேன்.

அவர் நம்பவில்லை. கணக்கரைக் கூப்பிட்டு அவர் மேசையில் என்ன வேண்டுமானாலும் தமிழில் அடிக்கச் சொன்னேன். கணக்கர் ஐம்பது வயதுக்காரர், சும்மா இருக்க மாட்டார்.

“என்னத்த அடிக்க? எனக்குச் சம்பளம் கூட்டித் தாங்கன்னு அடிக்கவா சார்?”

“அடிக்கிறத அடிய்யா,” என்றார் மேனேஜர்.

கணக்கர் வழக்கம்போலப் பொது ஃபோல்டரைத் திறந்தார். அதே ஃபைல். ஒரு வரி அடித்தார். நான் மேனேஜரை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் சர்வரைக் காட்டினேன். அக்காவின் பெயர், ஒரு பக்கம், அந்த நிமிடம்.

“அந்தம்மா வீட்டுல இருக்கு, பேரு இங்கன இருக்கு. நல்ல மிஷினு போங்க,” என்றார் கணக்கர் கதவோரம் நின்றபடி. மேனேஜர் சிரிக்கவில்லை.

“அப்ப யாரு அடிச்சது?”

“தெரியாது சார். யாரா வேணாலும் இருக்கலாம்.”

“நீயா இருந்தாலும்?”

“நானா இருந்தாலும் இதே பேருதான் வரும் சார்.”

மேனேஜர் மூன்று உத்தரவு போட்டார். அக்காவை வரச் சொல்லலாம். இனி ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் வைக்க வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் யார் எதை அடித்தார்கள் என்ற லிஸ்ட் அவர் மேசைக்கு வர வேண்டும்.

நான் வேண்டியது கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

நாலாம் நாள் அக்கா வந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவர் மேசைக்குப் போய் நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஃபைல் பெயர், பூட்டு, ஒரே பாஸ்வேர்ட், கணக்கர் அடித்துக் காட்டியது. மன்னிப்பும் கேட்டேன். அவர் டிபன் மூடியைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“ரொம்பப் படிச்ச புள்ள, கரெக்டாக் கண்டுபிடிச்சிட்ட,” என்றார்.

“தப்பு எம்மேலதாங்க்கா.”

“மூணு நாளு உம்மாட்ட ஒடம்பு சரியில்லன்னு சொல்லிப் படுத்துக் கெடந்தேன். அது போவட்டும். நான் ஒண்ணு கேக்கேன். எம்பேருல வந்தது தப்புன்னு நிரூபிச்சே. அடிச்சது நெசமாவே நாந்தான்னா என்ன செஞ்சிருப்ப?”

அவர் காத்திருந்தார். கேலியாகக் கேட்கவில்லை என்பது தெரிந்தது.

“அந்தத் தண்ணியக் குடிச்சுப் பாத்திருக்கியா நீ?” என்றார்.

“இல்லக்கா.”

“நான் எடைச் சீட்டு வாங்க ஷெட்டுக்குப் போறப்பல்லாம் குடிக்கிறேன். சரி, போ. ஒஞ் சோறு ஆறிப் போவும்.”

அவர்தான் அடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி இல்லை என்பதாலா, தெரிந்துவிடும் என்ற பயத்தாலா என்று அப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

புதுப் பெயர்களை உட்கார வைக்க இரண்டு நாள் ஆனது. ஒவ்வொருவராக வந்து பாஸ்வேர்ட் அடித்தார்கள். அக்கா அடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “பாத்தா என்ன, பாக்காட்டி என்ன,” என்றார். வேனில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார ஆரம்பித்திருந்தார். அங்கே ஒரு ஆளுக்குத்தான் இடம்.

இப்போது லிஸ்ட் உண்மையைச் சொன்னது. முதல் சனிக்கிழமை, கணக்கர் மகளின் ஜாதகத்தை ஆறு பிரதி எடுத்தது தெரிந்தது. “கம்பெனிப் பேப்பர்ல மாப்பிள்ள தேடுறாரு” என்று மேனேஜர் எல்லோர் முன்பும் சொன்னார். கணக்கர் சிரித்துச் சமாளித்தார். அதன்பிறகு அவர் என் அறைக் கதவோரம் நின்று பேசுவதை நிறுத்திக்கொண்டார். இரண்டாம் சனிக்கிழமை, தரச் சோதனை லேபில் இருந்த பெண் தன் பயோடேட்டாவை அடித்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. தூத்துக்குடியில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். மேனேஜர் தினமும் அவளைப் பார்க்கும்போது, “எப்பம்மா கெளம்புற?” என்று கேட்டார். தூத்துக்குடி வேலை கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் இந்த வேலையையும் விட்டுவிட்டுப் போனாள். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். என் அறைக்கு வரவில்லை.

இந்த முறை லிஸ்ட்டில் ஒரு தவறும் இல்லை. பெயர் சரி, நேரம் சரி, பக்கம் சரி. முதலில் கொடுத்தது தவறான லிஸ்ட் என்பதால்தான் அக்காவுக்கு அப்படி ஆனது என்று நான் நம்பியிருந்தேன். சரியான லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு லேபில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தபோது அந்த நம்பிக்கை போய்விட்டது. அக்கா கேட்டதற்கு நான் அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். அடித்தது அவர்தான் என்று சரியாகத் தெரிந்திருந்தால், மஞ்சள் அடித்து, பத்து நிமிடத்தில் கொடுத்திருப்பேன். அதுதான் உண்மையான பதில்.

சர்வரில் பிரிண்டர் அமைப்புகளுக்குள் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் இருந்தால் ஒவ்வொரு பிரிண்டுக்கும் வரி எழுதும். டிக்கை எடுத்துவிட்டால் எழுதாது. பிரிண்டர் எப்போதும்போல ஓடும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கட்டம் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அதை எடுத்தேன். பழைய வரிகளையும் அழித்தேன்.

சனிக்கிழமை மேனேஜர் கேட்டார்.

“லிஸ்ட் எங்கம்மா?”

“வரல சார்.”

“ஏன்?”

“சர்வர்ல எழுதுறது நின்னு போச்சு சார்.”

“சரி பண்ணு.”

“பாக்குறேன் சார்.”

என் வேலையில் நான் சொன்ன முதல் பொய் அது. குரல் நடுங்காமல் வந்தது எனக்கே ஆச்சரியம். அடுத்த சனிக்கிழமையும் பார்க்கிறேன் என்றேன், அதற்கடுத்ததும். கண்டுபிடித்தால் வேலை போகும் என்று தெரியும். வேறொரு ஆளை வைத்துச் சோதித்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அவர் ஆள் வைக்கவில்லை; கொஞ்ச நாளில் கேட்பதையும் மறந்தார். கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆய்வுக்கு வந்து போனபின், ஷெட் வாசலில் இரண்டு நீலக் கேன்கள் வந்தன. மதியத்துக்குள் காலியாகிவிடும்.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று பல தடவை அவர் மேசைவரை போயிருக்கிறேன். சொன்னால் அது அவருக்கும் ஒரு சுமை. மேனேஜர் கேட்டால் தெரியாது என்று சாதிக்க வேண்டிவரும். அப்படித்தான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் அதன்பின் அந்தப் பிரிண்டரில் சொந்தமாக ஒரு தாள்கூட எடுக்கவில்லை. பெரிய மகளின் ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு விண்ணப்பம் வேண்டியிருந்தது. அதற்காக உச்சிப்புளியில் வேனை நிறுத்தச் சொல்லி, வெயிலில் இறங்கி, சாலையைக் கடந்து ஜெராக்ஸ் கடைக்குப் போனார். இப்போதெல்லாம் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்தால் யாருக்கும் தெரியாது என்று நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா கையில் தாளோடு, அவசரமில்லாமல் திரும்பி வந்து, முன்னால் டிரைவருக்குப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்.