கொச்சிக்குக் கிளம்பின பை

தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தால் ஜெயவேல் எழுந்திருக்க நேரம் பிடிக்கும். கால் மரத்துப் போயிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இருக்குதா இல்லியான்னே தெரியலண்ணா" என்பார். கொஞ்ச நேரத்தில் ஊசி ஊசியாகக் குத்தும். குத்தின பிறகுதான் நடப்பார். ஆரணியில் பட்டு நெய்கிற பலருக்கும் இந்தத் தொல்லை உண்டு.

பங்குனியில் அவர் மனைவி திலகவதி மாரடைப்பில் போனாள். அதிலிருந்து மனுஷன் முழுக்கவே மரத்துப் போனார். குத்தல் மட்டும் வரவே இல்லை.

நான் பச்சையப்பன், பக்கத்து வீடு. நெல்லுக்கும் அரிசிக்கும் தரகு பார்க்கிறவன். எனக்குப் பொறுமை கிடையாது என்று என் மனைவி விருத்தாம்பாள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய்யில்லை. ஆனால் ஜெயவேல் விஷயத்தில் நான் பொறுத்துப் போனது எனக்கே ஆச்சரியம். சாவு அன்றைக்கு ஐஸ் பெட்டிக்கு பிளக் இருக்கிற இடத்தை அவரேதான் காட்டினார். வந்தவர்களுக்கு டீ போனதா என்று விசாரித்தார். ஒரு சொட்டு கண்ணீர் இல்லை. காரியத்தன்று பீரோவைக் குடைந்துகொண்டு, "நீலக்கரை வேட்டிய எங்க வெச்சான்னு தெரியல அண்ணி" என்று விருத்தாம்பாளிடம் கேட்டார். பெண்டாட்டி போய்விட்டாள், இந்த ஆளுக்கு வேட்டி கேட்கிறதா என்று சொந்தக்காரர்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள். மறுநாளே தறிச் சத்தம் கேட்டது. குறுக்கே ஓடுகிற ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவது திலகவதியின் வேலை. இப்போது அவரே சுற்றி அவரே நெய்தார்.

அவர்களுக்கு ஒரே பையன், குகன். கேட்டரிங் படித்துவிட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் சாப்பாடு பரிமாறுகிறான். ஓடக்காரன் பேரை வைத்தால் பிள்ளை தண்ணீரில்தான் நிற்பான் என்று நான் கேலி செய்தால் திலகவதி விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் போனபோது கப்பல் நடுக்கடலில். பெற்றவளைப் போனில்தான் பார்த்தான். கொள்ளி வைத்தது ஜெயவேலின் தங்கை மகன். ஒப்பந்தம் முடிந்ததும் ஓடி வருவான் என்று பார்த்தோம். வரவில்லை, அதே கப்பலில் மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டான். "அம்மா இல்லாத வூட்டுக்குள்ள எப்பிடிப்பா வர்றது?" என்று கேட்டானாம்.

எனக்கு வந்ததே கோபம். "அப்பன் ஒருத்தன் அந்த வூட்டுக்குள்ளதானய்யா இருக்கான்?" என்று கத்தினேன்.

"அவன் சொல்றதும் சரிதாண்ணா" என்றார் ஜெயவேல், அறுந்த இழையை முடிந்துகொண்டே.

கார்த்திகையில் குகன் போன் செய்தான். மார்கழியில் ஒரு சனிக்கிழமை கப்பல் கொச்சியில் நிற்கும், அன்றைக்குப் பகல் மட்டும். வெளியே வர அனுமதி கிடைக்கும். துறைமுகத்து கேட் வரைக்கும் அப்பா வந்தால் பார்த்துவிடலாம். நாளைக்குக் கரண்ட் இருக்காது என்கிற தோரணையில் ஜெயவேல் இதை என்னிடம் சொன்னார். நான் விடவில்லை. என் பழைய காரிலேயே போவதென்று அங்கேயே முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் என் வீட்டு வாசலில் பயண ஆலோசனை. அதாவது நான் பேசுவேன், அவர் உட்கார்ந்திருப்பார். போளூர், திருவண்ணாமலை, செங்கம், சேலம், கோயம்புத்தூர், பாலக்காடு. மார்கழிப் பனியில் செங்கம் பக்கம் எதிரே வருகிற லாரியே தெரியாது. அதனால் வெள்ளிக்கிழமை வெயில் ஏறின பிறகு கிளம்பி, ராத்திரி பாலக்காட்டில் தங்கி, விடிந்ததும் கொச்சி. "சரிண்ணா." சோறு கட்டிக்கொண்டு போவோமா, ஓட்டலில் பார்த்துக்கொள்வோமா? "சரிண்ணா." எனக்குப் பேஜாராகிவிட்டது. "பாலக்காட்ல காரை வுட்டுட்டு யானை மேல ஏறிப் போவலாமா?" என்று கேட்டேன்.

"சரிண்ணா" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நடுவில் விருத்தாம்பாள் ஒரு முட்டுக்கட்டை போட்டாள். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், கொச்சி மேற்கே, கிளம்பக் கூடாது. வாயில் வெல்லத்தைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம், போடி என்றேன். "நல்ல நாள் பாத்து பரஸ்தானமாவது வெச்சிடுங்க" என்று ஆரம்பித்தவள், பாதியில் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் பொங்குகிறதாக்கும் என்று நினைத்தேன்.

பரஸ்தானம் என்றால் பெரிய சூத்திரமில்லை. போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பையை மட்டும் கட்டி அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை வாசற்படி தாண்டினால் ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் போனாலும் சூலம் ஒன்றும் செய்யாது. ஒரே ஒரு கட்டுப்பாடு: பயணம் போய் வராமல் அந்தப் பை வீடு திரும்பக் கூடாது.

புதன்கிழமை சாயங்காலம் ஜெயவேல் வந்தார். உட்காரவில்லை.

"வேணாண்ணா. கொச்சிக்குப் போவல."

"ஏன்யா?"

"தறியில பாவு பாதியில நிக்குது."

"பாவு இன்னா ஓடியா போவுது? நெசத்த சொல்லுய்யா."

தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். "போயி இன்னாண்ணா பண்றது? அவன் என்னைப் பாத்ததும் அழுவான். எனக்கு வராது. அவன் எதிர்ல கல்லாட்டம் நிப்பேன். எங்கம்மாவுக்குக் கூட அழாத ஆளான்னு அவன் நெனச்சிகினு திரும்பிப் போவான். அதுக்குப் போவாமயே இருந்துடலாம்."

பங்குனிக்குப் பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான். என் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த வாட்டி போவலன்னா பையனும் உனக்கு இல்லய்யா. கேட் வரைக்கும் வரேன்னவன் அடுத்த வருஷம் அதுவும் வரமாட்டான். தண்ணியோட போயிடுவான்" என்று கத்தினேன். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

"தம்பி, நில்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

விருத்தாம்பாள் ஒரு பையோடு வந்தாள். கட்டம் போட்ட ஜிப் பை. பழைய புடவையில் சுற்றிப் பரணில் போட்டிருந்திருக்கிறாள். அதே பரணில் வருஷம் முழுக்க என் சாக்குக் கட்டுகளை ஏற்றி இறக்கினவன் நான், எனக்கே தெரியாது.

"இது திலகவதி பை தம்பி. போன மார்கழியில வெச்சது."

போன மார்கழியிலும் குகனின் கப்பல் கொச்சிக்கு வருவதாக இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் போவதாகப் பேச்சு. அதுவும் வெள்ளிக்கிழமைதான். ஜெயவேல் கேலி செய்வார் என்று அவரிடம் சொல்லாமல், நல்ல நாள் பார்த்துப் பையைக் கட்டி எங்கள் வீட்டில் வைத்துவிட்டாள் திலகவதி. கடைசி நேரத்தில் புயல் என்று கப்பல் கொச்சிக்கு வராமலே போய்விட்டது.

"எடுத்துகினு போம்மான்னு நான் சொன்னேன் தம்பி. பை வூடு திரும்பக் கூடாதுக்கா, இங்கியே இருக்கட்டும், அடுத்த கப்பல் வராமலா போயிடும்னுட்டா. அப்புறம் அவளே போயிட்டா. போவாத பயணத்துப் பையை சாவு வூட்டுக்குள்ள எப்பிடிக் கொண்டாந்து வெக்கிறது? பயந்துகினு நானும் வாயைத் தொறக்கல."

ஜெயவேல் பையை வாங்கிப் படியில் உட்கார்ந்தார். ஜிப் முரண்டு பிடித்தது. திறந்ததும் உப்பு நாரத்தங்காய் வாசனை வந்தது. குகனுக்குத் தயிர்சோறும் நாரத்தங்காயும் இருந்தால் வேறு ஒன்றும் வேண்டாம். ஒரு பாட்டில் நிறைய, மூடிமேல் துணி கட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய நூல் புடவை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, மடிப்புக் கலையாமல், நீலக்கரை வேட்டி.

அவர் அதைத் தொட்டார். எடுக்கவில்லை.

"இதத்தாண்ணா தேடினேன்."

"தெரியும்யா."

"என்னையும் சேத்து கெளப்பி வெச்சிருக்காண்ணா. போன வருஷமே."

வேட்டியின்மேல் கையை வைத்தபடியே இருந்தார். பிறகு மூச்சு ஒரு மாதிரி வாங்கியது. "குத்துதுண்ணா" என்றார். பழக்கத்தில் நான் அவர் காலைப் பிடித்துவிடக் குனிந்தேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு அழுதார். நான் தடுக்கவில்லை. விருத்தாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, அவரே போனை எடுத்தார். இரண்டாவது தடவைதான் குகன் கிடைத்தான். பின்னால் தட்டுகள் மோதுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

"குகா, அப்பாடா. சனிக்கிழமை கேட்டாண்டயே இரு. வேலை கீலைன்னு உள்ளயே நின்னுடாத." குரல் உடைந்தது. மறைக்கப் பார்க்கவில்லை. "அம்மா உனக்கு நாரத்தங்காய் கட்டி வெச்சிருக்காடா."

அந்தப் பக்கத்திலிருந்து பையன் ஏதோ கேட்டான்.

ஜெயவேல் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார். "ஆமாண்டா, கெளம்பியாச்சு. வந்துகினே இருக்கோம்" என்றார்.

நாங்கள் கிளம்புவது வெள்ளிக்கிழமைதான் என்று நான் திருத்தவில்லை.