பட்டாணிக்கொடிக் கரடி

ஹினெக் ரயில்வே கேட்டில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது "வண்டி வருது", "வண்டி போயாச்சு", அவ்வளவுதான். அதற்கு மேல் பேசச் சொன்னால் காது சிவந்துவிடும். நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்க வாய் வேண்டுமே!

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் மட்டும் அவர் வேறு ஆள். ஊர் வழக்கப்படி காய்ந்த பட்டாணிக்கொடியை உடம்பெல்லாம் சுற்றிக் கட்டி, முகத்தைக் கம்பளித் துணியால் மூடிக் கரடியாகிவிடுவார். இடுப்பில் கட்டிய சங்கிலியின் மறுமுனை பீப்பாய் செய்யும் புரோகோப்பின் கையில் இருக்கும். கரடி வீடு வீடாகப் போய் உறுமும், பிளம் சாராயம் குடிக்கும், வீட்டுக்காரியை ஆடக் கூப்பிடும். அவள் மறுத்தால் அந்த வருஷம் வீடு விளங்காது. ஆடி முடித்ததும் ஒரு பிடி கொடியை உருவி வாத்துக்கூட்டில் போட்டுக்கொள்வாள். முட்டை பெருகுமாம்.

ஏழு வருஷமாக ஹினெக் இப்படித்தான் லுத்மிலாவோடு ஆடுகிறார். லுத்மிலா கணவனை இழந்த தையல்காரி. சிரித்துக்கொண்டே ஆடுவாள். அந்தச் சிரிப்பு வழக்கத்துக்காகவா, தனக்காகவா என்று தெரியாமல் பாவம் மனிதர் தூக்கம் கெட்டார். இந்த வருஷம் ஆட்டத்தின் நடுவே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். கொடிக்குள் புகுந்துவிட்டால் தைரியம் தானாக வரும் என்பது அவர் கணக்கு.

கணக்கில் வாத்து வளர்க்கும் ருஜேனாவை அவர் சேர்க்கவில்லை. போன வருஷம் அவளுடைய வாத்துகள் சரியாக முட்டையிடவில்லை. பழி கரடி மேல்தான் விழுந்தது.

"ஒரு பிடி எடுத்து என்னத்தக் கண்டேன்? இந்தத் தடவை கூடை நிறைய வேணும்" என்று முதுகுப் பக்கத்தை மொத்தமாக உருவினாள். அதைப் பார்த்த மற்ற பெண்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு கூடையோடு வந்துவிட்டார்கள்.

"யோவ் புரோகோப், தடுய்யா இவங்கள!"

"கரடி பேசக் கூடாதுய்யா. உறுமு."

உறுமினார். ஒருத்தியும் பயப்படவில்லை.

லுத்மிலாவின் வீடு தெருக்கோடியில். அங்கே போய்ச் சேர்ந்தபோது கழுத்தைச் சுற்றி நாலு கொடிதான் மிச்சம். முகத்துணியும் போன இடம் தெரியவில்லை. பட்டப்பகலில், பனியில், முழுநீளக் கம்பளி உள்ளாடையோடு ஹினெக் நின்றார். கொடியோடு தைரியத்தையும் உருவிக்கொண்டு போயிருந்தார்கள், அந்தப் புண்ணியவதிகள்.

"திரும்பிடலாம்யா."

"வாசல் வரைக்கும் வந்துட்டா? நடய்யா."

கதவைத் திறந்த லுத்மிலா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது என்ன?"

"கரடி" என்றார் புரோகோப், கொஞ்சமும் கூசாமல்.

"நம்ம கேட்காரர் மாதிரியில்ல இருக்கு!"

பின்னால் வந்த கூட்டம் சிரித்தது. ஹினெக்கின் காது பழுத்த தக்காளியாகிவிட்டது. ஓடிவிடலாம்தான், ஆனால் சங்கிலி புரோகோப்பிடம் இருந்தது. வேறு வழியில்லாமல் கையை நீட்டினார்.

"ஆடலாமா? இப்ப நான் கரடி இல்ல. மாட்டேன்னு சொன்னாலும் உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. கூட்டத்தின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"தெரியும்" என்றாள் லுத்மிலா. படியிறங்கி வந்து, நடுங்கிக்கொண்டிருந்த அவர் தோளில் கை வைத்தாள்.